பீனியா ஜாப் ஒர்க் கடை: ஜிஎஸ்டி 18 ஆனது, கஸ்டம்ஸில் ஒரே பொருளுக்கு இரண்டு டியூட்டி, எதை முதலில் பார்ப்பது?

பீனியா ஷெட்

வணக்கம். பெங்களூரு பீனியா இரண்டாம் ஸ்டேஜில் நானும் என் மச்சானும் பார்ட்னர்ஷிப்பில் சிஎன்சி (கம்ப்யூட்டர் இயக்கும் மிஷின்) ஜாப் ஒர்க் கடை நடத்துகிறோம். மூன்று டர்னிங் சென்டர், ஒரு விஎம்சி (மில்லிங் மிஷின்). டர்னோவர் மூன்று கோடிக்குள், காலாண்டு ரிட்டன். மெட்டீரியல் பார்ட்டியுடையது, மெஷினிங் மட்டும் செய்து டெலிவரி சலானில் திருப்பி அனுப்பிவிடுவோம். இன்சர்ட் (வெட்டும் முனை), டூல் ஹோல்டர் (அதைப் பிடிக்கும் பாகம்) இதெல்லாம் எஸ்பி ரோட்டில் சொல்கிற விலை கட்டுப்படியாகாமல், சீனாவிலிருந்தும் கொஞ்சம் கொரியாவிலிருந்தும் நாங்களே வரவழைக்கிறோம்.

பிரச்சினை ஒன்றல்ல. 2025 செப்டம்பர் 22-ல் 12 சதவீத ஸ்லாபை எடுத்தார்கள் இல்லையா, எங்கள் ஜாப் ஒர்க் 18-க்குப் போய்விட்டது. ஒரு பெரிய பார்ட்டி, பீஸ் எல்லாம் 18-ஆம் தேதியே கைக்கு வந்துவிட்டது, அதனால் 12-தான் தருவோம் என்று சொல்லி மிச்ச 6 சதவீதத்தை இன்னும் பிடித்து வைத்திருக்கிறது. பில் நாங்கள் போட்டது 25-ஆம் தேதி. யார் சொல்வது சரி?

அப்புறம் கஸ்டம்ஸ். அதே டூல் ஹோல்டர், அதே சப்ளையர், அதே மாடல் எண். ஒரு தடவை 7.5 சதவீதம் டியூட்டி போட்டார்கள், அடுத்த தடவை வேறு எச்எஸ்என்-ல் (சரக்கு வகை எண்) 10 சதவீதம். புரோக்கரைக் கேட்டால் "சின்ன தொகைதானே சார், விடுங்க" என்கிறார். சின்ன தொகை அவருக்கு! சீனாக்காரர் வேறு, கூரியரில் அனுப்புகிறேன், சாம்பிள் என்று போட்டு விலையைக் குறைத்து எழுதித் தருகிறேன் என்கிறார்.

இது போதாதென்று ஆடிட்டர் ஆபீஸ் பையன், இனிமேல் 3பி-யில் (வரி கட்டும் ஜிஎஸ்டி ரிட்டன்) எதையும் கையால் திருத்த முடியாது, வாடகைக்கும் நீங்கள்தான் ஜிஎஸ்டி கட்ட வேண்டும், பார்ட்னர் சம்பளத்துக்கு டிடிஎஸ் (கொடுக்கும்போதே வருமான வரிப் பிடித்தம்) பிடிக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டான். பேப்பரில் எல்லாம் குறைந்தது என்றுதான் போட்டார்கள், எங்களுக்கு மட்டும் ஏறியிருக்கிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாராவது, எதை முதலில் கவனிக்க வேண்டும் என்று சொன்னால் நல்லது.

அல்சூர்வாசி

சார், இதையெல்லாம் நாமே மண்டையில் ஏற்றிக்கொண்டால் மிஷின் யார் ஓட்டுவது? ஆடிட்டருக்கு மாசம் இரண்டாயிரம் கூடக் கொடுத்து மொத்தமாக அவர் தலையில் கட்டுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ராஜாஜிநகர் கணக்கு

அல்சூர்வாசி சொல்வது பாதிதான் சரி. நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில்தான் வேலை பார்க்கிறேன், எங்களிடம் வந்து சேரும் தகவலை வைத்துத்தான் நாங்கள் எதையும் செய்ய முடியும். ரிட்டன் போடும் கடைசி நேரத்தில், 19-ஆம் தேதி இரவு வாட்ஸப்பில் பில் போட்டோ அனுப்பும் பார்ட்டிகளுக்கு இப்போது எங்களாலும் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

முதலில் அந்த 6 சதவீத விஷயம். ரேட் மாறும்போது எந்த ரேட் என்பதை ஜிஎஸ்டி சட்டத்தின் 14-ஆம் பிரிவு தீர்மானிக்கிறது. மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: வேலையை முடித்துக் கொடுத்த நாள், பில் தேதி, பணம் வந்த நாள். இதில் இரண்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்து ரேட். உங்கள் விஷயத்தில் வேலை முடிந்தது 22-க்கு முன்னால், ஆனால் பில்லும் பணமும் பின்னால். அதனால் 18-தான், நீங்கள் போட்டது சரி. சர்வீஸுக்கு 30 நாளைக்குள் பில் போடலாம் என்று விதியே இருப்பதால், ஏன் தாமதமாகப் போட்டீர்கள் என்று அவர்கள் சண்டைக்கும் வர முடியாது. அவர்கள் 21-ஆம் தேதிக்குள் அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அந்தத் தொகைக்கு மட்டும் 12 வந்திருக்கும். கொடுத்தார்களா என்று பேங்க் ஸ்டேட்மென்டை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், ஏனென்றால் அவர்கள் அக்கவுண்ட்ஸ் ஆள் அதைத்தான் அடுத்ததாகக் கிளப்புவார்.

இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், அவர்களுக்கு இதில் ஒரு பைசா நஷ்டம் கிடையாது. ரெஜிஸ்டர்டு கம்பெனி, 18-ஐயும் இன்புட் கிரெடிட்டாக (தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகை) எடுத்துக்கொள்ளும். பில்லில் 18 என்று அவர்களுடைய 2பி-யில் (போர்ட்டல் காட்டும் கிரெடிட் பட்டியல்) ஏறிவிட்டிருக்கும், கிரெடிட்டை எடுத்துமிருப்பார்கள், உங்களுக்கு மட்டும் 12 கொடுத்திருக்கிறார்கள். 180 நாளைக்குள் பில் தொகையையும் வரியையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால், கொடுக்காத பங்குக்கான கிரெடிட்டை வட்டியோடு திருப்ப வேண்டும் என்று 16-ஆம் பிரிவில் இருக்கிறது. இதை ஒரு மெயிலில் இரண்டு வரியாக எழுதி அனுப்புங்கள், பர்ச்சேஸ் டிபார்ட்மென்டுக்கு வேண்டாம், நேரே பைனான்ஸுக்கு.

இன்னொரு ஆயுதமும் உங்கள் கையில் இருக்கிறது. உத்யமில் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவு செய்திருக்கிறீர்களா? 2025 ஏப்ரல் 1 முதல் மைக்ரோ (மிகச் சிறு நிறுவனம்) என்றால் முதலீடு 2.5 கோடி வரை, டர்னோவர் 10 கோடி வரை. மிஷின் முதலீட்டுக் கணக்கில் தேய்மானம் போக நிற்கும் மதிப்பைத்தான் எடுப்பார்கள், அதனால் நீங்கள் உள்ளேயேதான் வருவீர்கள். மைக்ரோவுக்கும் ஸ்மாலுக்கும் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் பணம் கொடுக்க அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். அதைத் தாண்டினால் வாங்கியவர் அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது, பணம் கொடுக்கும் வருடத்தில்தான் கழிக்கலாம். வருமான வரியில் 43பி(எச்) என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால் பிரிவு எண் மாறுகிறது, விஷயம் மாறவில்லை. வாங்கி விற்கும் டிரேடர்களுக்கு இது கிடையாது, ஜாப் ஒர்க் சர்வீஸ் என்பதால் உங்களுக்கு உண்டு. பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள். மார்ச் மாதம் அவர்களுடைய ஆடிட்டரே உங்களுக்குப் போன் செய்து பாக்கி எவ்வளவு என்று கேட்பார், பாருங்கள்.

3பி பற்றி அந்தப் பையன் சொன்னது உண்மை. 2025 ஜூலை மாதக் கணக்கிலிருந்து, ஜிஎஸ்டிஆர்-1-ல் (விற்பனை ரிட்டன்) நீங்கள் காட்டிய விற்பனை வரி அப்படியே 3பி-யில் வந்து உட்கார்ந்துவிடும், கை வைக்க முடியாது. தப்பு இருந்தால் 3பி ஃபைல் பண்ணுவதற்கு முன்னால் ஜிஎஸ்டிஆர்-1ஏ-யில் (அதன் திருத்தப் படிவம்) திருத்த வேண்டும். அதுவும் ஒரு பீரியடுக்கு ஒரே தடவைதான். அதிலும் பார்ட்டியின் ஜிஎஸ்டி எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தால் 1ஏ உதவாது, அடுத்த ஜிஎஸ்டிஆர்-1 வரை காத்திருக்க வேண்டும். பழைய பழக்கம் என்ன? 1-ல் எதையோ போட்டுவிட்டு 3பி-யில் கூட்டிக் கழித்துச் சரிக்கட்டுவது. டேலியில் கடைசி நேரத்தில் ஒரு அட்ஜஸ்ட்மென்ட் என்ட்ரி. அந்தக் காலம் முடிந்தது. மூன்று வருடத்துக்கு மேல் பாக்கி வைத்த ரிட்டனைப் போர்ட்டலே வாங்குவதில்லை இப்போது, அதையும் யாராவது இங்கே தூங்க வைத்திருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களைப் போன்ற கடைக்கு என் கருத்து: மற்றதை எல்லாம் விட, பில் போடும் நாளிலேயே பில் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். சலான் எண், ரேட், பார்ட்டி எண். மாதக் கடைசியில் அல்ல, அன்றைக்கே.

பீனியா ஷெட்

ரொம்ப நன்றி சார். உத்யம் இருக்கிறது, பில்லில் போடவில்லை, இன்றே சேர்த்துவிடச் சொல்கிறேன். அட்வான்ஸ் எதுவும் வாங்கவில்லை. இ-இன்வாய்ஸ் (போர்ட்டலில் பதிந்து போடும் பில்) எங்களுக்கு வராதுதானே, ஐந்து கோடிக்குக் கீழே என்பதால்?

ராஜாஜிநகர் கணக்கு

2017-18 முதல் எந்த ஒரு வருடத்திலாவது ஐந்து கோடியைத் தாண்டியிருந்தால் வரும், இப்போது எவ்வளவு என்பதை மட்டும் பார்க்க மாட்டார்கள். தாண்டவே இல்லை என்றால் கவலை வேண்டாம்.

கார்கோ தேவனஹள்ளி

பெங்களூர் ஏர் கார்கோவில் பத்து வருடத்துக்கு மேலாகக் கிளியரன்ஸ் வேலையில் இருக்கிறேன், நடுவில் ஒயிட்ஃபீல்ட் ஐசிடி-யிலும் (கன்டெய்னர் டிப்போ) இருந்தேன். கஸ்டம்ஸ் பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன்.

டூல் ஹோல்டர் என்றால், ஹோல்டர் மட்டும்தான் என்றால், எச்எஸ்என் 8466. எந்த வகை டூலுக்கான ஹோல்டராக இருந்தாலும் அங்கேதான். ட்ரில், எண்ட் மில் போல வெட்டும் கருவியே என்றால் 8207. பிரேஸ் பண்ணாத, மாட்டாத கார்பைட் இன்சர்ட் தனியாக வந்தால் 8209. இன்வாய்ஸில் சப்ளையர் "சிஎன்சி டூல்ஸ்" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார், அதைப் பார்த்து ஒருத்தர் இங்கே போடுகிறார், இன்னொருத்தர் அங்கே போடுகிறார். உங்கள் சரக்கு கெம்பேகவுடா ஏர்போர்ட்டில் இறங்கினாலும் மதிப்பீடு செய்யும் அதிகாரி வேறு ஊரில் இருப்பார், ஃபேஸ்லெஸ் முறை அப்படி. 2020 ஜூன் 8-ல் அதை முதலில் ஆரம்பித்ததே பெங்களூரிலும் சென்னையிலும்தான், அதுவும் 84, 85 அத்தியாயங்களுக்கு. அதாவது நம் மிஷின் சாமான்களுக்கு. அந்த அதிகாரி சரக்கைக் கண்ணால் பார்க்கப் போவதில்லை, உங்கள் பேப்பரைத்தான் பார்ப்பார். அதனால் சப்ளையரிடம் வரிக்கு வரி பிரித்து எழுதச் சொல்லுங்கள்: டர்னிங் டூல் ஹோல்டர், ஸ்டீல், இன்சர்ட் இல்லாமல், மாடல் எண் இது. கேட்டலாக் பக்கத்தையும் சேர்த்து ஏற்றச் சொல்லுங்கள்.

இப்போது பணம். ஒரு லட்சம் அசெஸபிள் வேல்யூ (டியூட்டி கணக்கிடும் மதிப்பு) என்று வைத்துக்கொள்வோம். 7.5 சதவீதம் என்றால் அடிப்படை டியூட்டி 7,500, அதன் மேல் பத்து சதவீதம் சோஷியல் வெல்ஃபேர் சர்சார்ஜ் 750. ஆக 1,08,250-க்கு ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி) 18 சதவீதம், 19,485. மொத்தம் 27,735. இதையே 10 சதவீதத்தில் போட்டால் 10,000, 1,000, ஐஜிஎஸ்டி 19,980, மொத்தம் 30,980. ஐஜிஎஸ்டி உங்களுக்குக் கிரெடிட்டாகத் திரும்பிவிடும், கையை விட்டுப் போவது அடிப்படை டியூட்டியும் சர்சார்ஜும்தான். அதாவது லட்சத்துக்கு 2,750 கூடுதலாக அழுதிருக்கிறீர்கள். வருடத்துக்கு எத்தனை லட்சம் வருகிறது என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள், சின்ன தொகையா என்று அப்புறம் முடிவு செய்யலாம்.

திரும்பக் கேட்க வழி இருக்கிறது, இது 2025 நவம்பர் 1 முதல்தான். கஸ்டம்ஸ் சட்டத்தில் 18ஏ என்று புதிதாக ஒரு பிரிவு. சரக்கு வெளியே வந்த பிறகும் இறக்குமதி செய்தவரே பில் ஆஃப் என்ட்ரியை (கஸ்டம்ஸில் போடும் இறக்குமதிப் பத்திரம்) திருத்தலாம். குறைவாகக் கட்டியிருந்தால் வட்டியோடு மிச்சத்தைக் கட்டிவிடலாம் (வட்டி வருடத்துக்கு 15 சதவீதம்), அதிகமாகக் கட்டியிருந்தால் அதையே ரீஃபண்ட் விண்ணப்பமாக எடுத்துக்கொள்வார்கள். முன்பு இதற்கு 149-ஆம் பிரிவில் திருத்தம் கேட்டு, ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, கடைசியில் "அசெஸ்மென்ட்டை எதிர்த்து அப்பீல் போகாமல் ரீஃபண்ட் எப்படிக் கேட்பாய்" என்பார்கள். 2019-ல் சுப்ரீம் கோர்ட் ஐடிசி கம்பெனி வழக்கில் அப்படித்தான் சொல்லியும்விட்டது.

ஆனால் உடனே குதிக்காதீர்கள். அந்த 10 சதவீதப் பில்லை யார் போட்டது என்று பாருங்கள். புரோக்கர் ஃபைல் பண்ணும்போதே அந்த எச்எஸ்என் போட்டு, சிஸ்டம் அப்படியே விட்டிருந்தால் 18ஏ உங்களுக்குத் திறந்திருக்கிறது. நீங்கள் 8466 போட்டு, அதிகாரி ரீ-அசெஸ் செய்து மாற்றியிருந்தால் 18ஏ-யில் ரீஃபண்ட் கேட்க முடியாது, 60 நாளைக்குள் கமிஷனர் அப்பீல்ஸுக்குத்தான் போக வேண்டும். ஆடிட், சம்மன் என்று ஏதாவது ஏற்கெனவே ஆரம்பித்திருந்தாலும் கதவு மூடிவிடும். ரீஃபண்டுக்கு டியூட்டி கட்டிய நாளிலிருந்து ஒரு வருடம், அதற்குள் போட வேண்டும். அந்தச் சுமையைப் பார்ட்டி தலையில் ஏற்றவில்லை என்று சிஏ சர்டிஃபிகேட்டும் கேட்பார்கள், இல்லாவிட்டால் பணம் நுகர்வோர் நல நிதிக்குப் போய்விடும்.

எனக்கு இதில் வேடிக்கையாகத் தோன்றுவது, ஜிஎஸ்டி-யில் ராஜாஜிநகர் அண்ணன் சொல்கிற மாதிரி பின்னால் திருத்துகிற வழியை அடைத்துக்கொண்டே வருகிறார்கள், கஸ்டம்ஸில் அதே வருடத்தில் திறந்துவிட்டிருக்கிறார்கள். இரண்டுமே ஒரே போர்டின் கீழ்!

கார்கோ தேவனஹள்ளி

கூரியர் விஷயத்தை மறந்துவிட்டேன். அந்தச் சாம்பிள் யோசனையைத் தொடவே தொடாதீர்கள். விலையைக் குறைத்து எழுதினால் உங்களுக்கு உண்மையில் மிச்சமாவது லட்சத்துக்கு அந்த 8,250 மட்டும்தான், ஐஜிஎஸ்டி எப்படியும் திரும்ப வருகிற பணம். பிடிபட்டால் கஸ்டம்ஸ் சட்டம் 111(எம்)-ல் சரக்கைப் பறிமுதல் செய்யலாம், வேண்டுமென்றே மறைத்தது என்று முடிவானால் 114ஏ-யில் டியூட்டிக்குச் சமமான அபராதம், மேலே வட்டி. குறைத்து எழுதிய தொகை போக சீனாக்காரருக்கு மீதியை எந்தக் கணக்கில் அனுப்புவீர்கள்? பேங்க் பில் ஆஃப் என்ட்ரியைக் கேட்கும், தொகை ஒத்துப்போகாது, அது இன்னொரு தலைவலி.

நேர்மையாகக் கூரியரில் வரவழைப்பது தாராளமாகச் செய்யலாம். ஆனால் கூரியர் கம்பெனி உங்கள் ஆதார், பான் வாங்கித் தனிநபர் பார்சலாக எடுத்துவிட்டால் கிரெடிட் போச்சு. ஐஇசி (இறக்குமதி-ஏற்றுமதி எண்), ஜிஎஸ்டி எண் இரண்டையும் முன்னாலேயே கொடுத்து, பில் ஆஃப் என்ட்ரியில் அது ஏறியிருக்கிறதா என்று பார்த்து, பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் வரும்போது மதிப்போடு சேர்க்கும் ஏர் ஃபிரைட் எஃப்ஓபி-யில் (ஃபிரைட் சேராத சாமான் விலை) 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வேல்யுவேஷன் விதியில் உச்சவரம்பு இருக்கிறது. சின்னப் பார்சலுக்குக் கூரியர் சார்ஜ் சாமான் விலையில் பாதி இருக்கும், அதை முழுதாகச் சேர்த்துப் போட்டிருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள்.

மஞ்சுநாதநகர் லேத்

கொரியா சாமானுக்கு டியூட்டி சலுகை வாங்குகிறீர்களா? 2010-லிருந்து ஒப்பந்தம் இருக்கிறது. சப்ளையரிடம் ஒரிஜின் சான்று வாங்கினால் குறையலாம். ஆனால் பேப்பரை மட்டும் வைத்துக்கொண்டு போனால் ஆகாது, காரோட்டார் என்ற கஸ்டம்ஸ் ஒரிஜின் விதிப்படி அந்தச் சாமான் கொரியாவில் எப்படித் தயாரானது, எவ்வளவு மதிப்பு அங்கே கூடியது என்ற விவரத்தை நீங்களே ஃபார்ம்-1-ல் வைத்திருக்க வேண்டும், ஐந்து வருடம். சின்னச் சரக்குக்கு எங்களுக்கு அது ஒத்துவரவில்லை, விட்டுவிட்டோம். மாதாமாதம் எடுப்பவர்களுக்கு லாபம்தான்.

ராஜாஜிநகர் கணக்கு

கார்கோ தம்பி சொன்னதோடு ஒன்று. 2025 அக்டோபர் பீரியடிலிருந்து இறக்குமதி பில்களும் ஜிஎஸ்டி போர்ட்டலில் ஐஎம்எஸ் (வரும் பில்களை ஏற்கும் இடம்) பக்கத்தில் வருகின்றன. நீங்கள் ஒன்றும் செய்யாமல் விட்டால் ஏற்றுக்கொண்டதாகவே எடுத்து 2பி-க்குத் தள்ளிவிடும். எதுவும் விட்டுப்போயிருந்தால் அங்கேயே தெரியும். கூரியர் பில் தானாக வந்துவிடும் என்று மட்டும் நம்பி இருக்காதீர்கள், கையில் இருக்கும் பிரதியோடு ஒப்பிடுங்கள்.

வாடகைக்கு வருகிறேன். ஷெட் ஓனருக்கு ஜிஎஸ்டி எண் இருக்கிறதா? வாடகை எவ்வளவு?

பீனியா ஷெட்

ஓனர் துமகூரில் இருக்கிறார், வயதானவர், ஜிஎஸ்டி எண் கிடையாது. மாதம் 60,000. பார்ட்னர் சம்பளம் எனக்கும் மச்சானுக்கும் மாதம் ஆளுக்கு 40,000 எடுக்கிறோம், எப்போதும் ஒரே என்ட்ரியாக மார்ச்சில்தான் எழுதுவார்கள்.

ராஜாஜிநகர் கணக்கு

சரி, அப்படியென்றால் வாடகை இரண்டு பக்கமும் இழுக்கும். 2024 அக்டோபர் 10 முதல், பதிவில்லாத ஓனரிடம் கடைக்கோ ஷெட்டுக்கோ வாடகை கொடுக்கும் பதிவு பெற்ற வாடகைதாரர் 18 சதவீதத்தை ரிவர்ஸ் சார்ஜில் (ஓனருக்குப் பதிலாகத் தானே) கட்ட வேண்டும். உங்களுக்கு மாதம் 10,800. இதைக் கிரெடிட்டிலிருந்து கழிக்க முடியாது, பணமாகத்தான் கட்ட வேண்டும், கட்டிய பிறகு அதே தொகையைக் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ஜாப் ஒர்க் 18 ஆகிவிட்டதால் அந்தக் கிரெடிட் தேங்காமல் ஓடிவிடும். 30 நாளைக்குள் நீங்களே உங்களுக்கு ஒரு செல்ஃப் இன்வாய்ஸ் போட்டு வைக்க வேண்டும், அதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். வருமான வரிப் பக்கம், 2025 ஏப்ரலிலிருந்து வாடகை மாதம் 50,000-ஐத் தாண்டினால் டிடிஎஸ், ஷெட்டுக்கு 10 சதவீதம். ஓனரிடம் பான் வாங்கிக்கொண்டு, பிடிப்பது ஏன் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஆறாயிரம் குறைந்து வந்தால் பெரியவர் பஸ் ஏறி வந்துவிடுவார்.

பார்ட்னர் சம்பளம்தான் உங்கள் வழக்கத்தை மாற்ற வேண்டிய இடம். 2025 ஏப்ரல் 1 முதல் பார்ட்னருக்குக் கொடுக்கும் சம்பளம், போனஸ், கமிஷன், கேபிட்டல் வட்டி எல்லாம் சேர்த்து வருடம் 20,000-ஐத் தாண்டினால் ஃபர்ம் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். லாபப் பங்குக்குக் கிடையாது. பணமாக எடுப்பதா, கணக்கில் வரவு வைப்பதா, எது முன்னால் வருகிறதோ அன்றைக்கே பிடிக்க வேண்டும். நீங்கள் மாதாமாதம் 40,000 எடுத்துவிட்டு மார்ச்சில் சம்பளம் என்று எழுதினால், எடுத்த மாதத்திலேயே ஏன் பிடிக்கவில்லை என்ற கேள்வி வரும். பார்ட்னர்ஷிப் டீடில் மாதச் சம்பளம் என்று இருந்தால் மாதாமாதம் என்ட்ரி போட்டு, ஆளுக்கு 4,000 பிடித்துக் கட்டிவிடுங்கள். டான் எண் (டிடிஎஸ் கட்டுவதற்கான எண்) இல்லையென்றால் முதலில் அதை எடுங்கள், வாடகை டிடிஎஸ்ஸுக்கும் அது வேண்டும். 2026 ஏப்ரல் முதல் புதிய சட்டத்தில் சம்பளம் தவிர்த்த டிடிஎஸ் எல்லாம் 393 என்ற ஒரே பிரிவில், சலானில் பழைய எண்ணைப் பழக்கதோஷத்தில் போட்டுவிடாதீர்கள்.

அல்சூர்வாசி

இவ்வளவு இருக்கா! 2025 ஜூலையில் எங்கள் தெரு பேக்கரிக்காரர்களுக்கு யுபிஐ வரவைப் பார்த்து கமர்ஷியல் டாக்ஸிலிருந்து நோட்டீஸ் வந்தபோதே எனக்குப் பயம் வந்தது. என் கடை வாடகை 35,000, ஓனருக்கு எண் இல்லை. நான் காம்போஸிஷனில் (டர்னோவரில் சின்ன சதவீதம் மட்டும் கட்டும் ஜிஎஸ்டி திட்டம்) இருக்கிறேன். எனக்கும் அந்த 18 உண்டா?

ராஜாஜிநகர் கணக்கு

காம்போஸிஷனில் இருப்பவர்களை 2025 ஜனவரி 16 முதல் அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய மாதங்களை மட்டும், அதாவது 2024 அக்டோபர் 10 முதல் 2025 ஜனவரி 15 வரை, உங்கள் ஆடிட்டர் எப்படிக் காட்டியிருக்கிறார் என்று கேளுங்கள். அந்த இரண்டாயிரத்துக்கு அதையாவது சொல்லட்டும்.

பீனியா ஷெட்

பைனான்ஸுக்கு மெயில் போட்டுவிட்டேன், 14-ஆம் பிரிவையும் 180 நாளையும் எழுதி. பில் ஆஃப் என்ட்ரியை எடுத்துப் பார்த்தேன். 10 சதவீதம் போட்டது அதிகாரி இல்லை, புரோக்கரே ஃபைல் பண்ணும்போது போட்டிருக்கிறார். டியூட்டி கட்டி ஏழு மாதம்தான் ஆகிறது. 18ஏ-க்கு அதே புரோக்கர் வழியாகத்தான் போக வேண்டுமா?

கார்கோ தேவனஹள்ளி

அவசியமில்லை. ஐஸ்கேட் என்ற கஸ்டம்ஸ் போர்ட்டலில் உங்கள் லாகின் இருந்தால் நீங்களே போடலாம், வேறு புரோக்கர் வழியாகவும் போடலாம். கேட்டலாக் பக்கம், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், முன்பு 8466-ல் கிளியர் ஆன பில்லின் பிரதி, இதெல்லாம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சிஏ சர்டிஃபிகேட்டை இப்போதே சொல்லி வையுங்கள், ரிட்டன் சீசன் வந்துவிட்டால் ஆடிட்டர்கள் போனே எடுக்க மாட்டார்கள்.